சனி மூலைக் கதிர்

நம் லேபில் வேலை பார்ப்பவர்களைக் கல்யாண வீட்டில் யாரும் மனதாரப் பந்திக்குக் கூப்பிடுவதில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இது இன்னும் தெரிந்திருக்காது. ஒரு முகூர்த்த சீசன் போகட்டும், தெரிந்துவிடும். இலையில் விழுந்த கத்திரிக்காயை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தால் போதும், பக்கத்து இலைக்காரர் கையை எடுத்துவிடுவார். "என்னங்க, இதுலயும் மருந்தா?" என்பார். இல்லை, உப்பு கம்மி என்று சொன்னால் நம்ப மாட்டார். "உன்கூட வந்தா எனக்குப் பட்டினிதான்" என்று என் கணவர் கிண்டல் செய்வார். ரயில்வேக்காரர், வாய் ஓயாது. அவர் போன பிறகு கிண்டல் செய்யவும் வீட்டில் ஆளில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தஞ்சாவூரில் ஒரு வீடு, அதில் நான், ஒரு பழைய ஃபிரிட்ஜ். இரண்டில் ஃபிரிட்ஜ்தான் அதிகம் பேசும்.

பயிரில் அடித்த பூஞ்சாண மருந்து எத்தனை நாளில் எவ்வளவு குறைகிறது, கதிரில் எவ்வளவு தங்குகிறது, மண்ணில் எவ்வளவு கிடக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. இப்போது அது உங்கள் வேலை. சாம்பிளை எப்படி அரைப்பது, எப்படி வடிப்பது, மெஷினில் எப்படி ஏற்றுவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதில் நீங்கள் எனக்குப் பாடம் எடுப்பீர்கள். மெஷின் பக்கத்தில் இல்லாத இடத்தில், எதிரே ஆள் நின்று பதில் கேட்கும்போது என்ன செய்வது என்பதை மட்டும் எழுதுகிறேன். அதை எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

என் முதல் மேலதிகாரி மகா முசுடு. ஒருநாள் நான் ஒரு ரிப்போர்ட்டில் 'மருந்து இல்லை' என்று எழுதிவிட்டேன். தாளை என் மேஜைமேல் போட்டார். "இல்லைன்னு சொல்ல நீ என்ன கடவுளா? காணலைன்னு எழுதும்மா" என்றார். மெஷினுக்கு ஒரு அளவு உண்டு, அதற்குக் கீழே இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மருந்தைத் தேடுவோம். அது அதற்குள் உடைந்து வேறொன்றாக மாறி அங்கேயே உட்கார்ந்திருக்கும். அன்று அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. முசுடுகள் சொல்வது பல சமயம் சரியாக இருப்பதுதான் வாழ்க்கையின் பெரிய தொந்தரவு.

மருந்து எப்படிக் குறைகிறது என்று விவசாயிகள் கேட்டால் நான் கல்யாண வீட்டைத்தான் சொல்வேன். தாலி கட்டி முடிந்ததும் கூட்டத்தில் பாதி அன்றே கிளம்பிவிடும். மறுநாள் இன்னும் கொஞ்சம் பேர் போவார்கள். கடைசியில் நாலைந்து உறவுக்காரர்கள் மட்டும் நகரவே மாட்டார்கள். மருந்தும் அப்படித்தான். வெயிலிலும் மழையிலும் முதலில் மளமளவென்று குறையும், பிறகு கொஞ்சம் மிச்சம் மூலையில் உட்கார்ந்துகொள்ளும். அந்த மிச்சமும் பாதுகாப்பான அளவுக்கு வரும்வரை பொறுத்துத்தான் அறுக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக் காலத்தைக் கணக்கிடத்தான் வயல் வயலாக அலைகிறோம்.

அப்படி அலைந்த இடங்களில் ஒன்று, வலங்கைமானுக்குப் பக்கத்தில் கலியமூர்த்தி என்பவரின் வயல். சம்பா பருவம். அந்த வருஷம் அந்தப் பக்கம் நெற்பழ நோய் அதிகம். கதிரில் மணி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் உருண்டை வரும், தொட்டால் மஞ்சள் பொடி கையில் ஒட்டும். பழைய ஆட்கள் அதை லட்சுமி நோய் என்பார்கள். நல்ல விளைச்சல் வருஷத்தில்தான் வரும் என்று நம்பிக்கை. அதற்கு அடிக்கும் மருந்து ஒன்று, கதிர் முற்றும் நேரத்தில் அடித்தால் அரிசியில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்க வேண்டும். சோதனைப் பாத்திகளில் சிபாரிசு செய்த அளவு ஒன்றில், அதைப் போல இரண்டு மடங்கு இன்னொன்றில் அடித்தோம். சோதனை முடிந்ததும் அந்தப் பாத்தி நெல்லை யாரும் சாப்பிடாமல் அழித்துவிடுவோம்.

எந்த இடத்தில் பாத்தி போடலாம் என்று கேட்டபோது கலியமூர்த்தி யோசிக்கவே இல்லை.

"சனி மூலையை எடுத்துக்குங்கம்மா. நல்ல காரியம் எல்லாம் அங்கதான் ஆரம்பிக்கிறது. உங்க காரியமும் நல்லா நடக்கட்டும்."

வயலின் வடகிழக்கு மூலையை, ஈசானியத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். நடவின் முதல் நாற்று அங்கே ஊன்றுவார்கள். ஓர் அரசாங்க வேலைக்கு, அதுவும் விஷம் அளக்கிற வேலைக்கு, ஒரு மனிதர் தன் வயலின் மங்கலமான மூலையைக் கொடுக்கிறார். எனக்கு மனது நிறைந்துவிட்டது. மூங்கில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி, இந்த நெல்லைத் தொடக் கூடாது என்று அவரிடமும் அவர் மனைவி ராஜேஸ்வரியிடமும் தெளிவாகச் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள். தலையாட்டியதில் பொய்யில்லை.

மருந்தடித்து மூன்றாம் நாள் காலை சாம்பிள் எடுக்கப் போனேன். பொங்கலுக்கு இன்னும் சில நாள் இருந்தது. வரப்பில் நடந்து சனி மூலைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு மடங்கு மருந்தடித்த பாத்தியில் இரண்டு மூன்று குத்துக் கதிர்களைக் காணோம். தாள் புதிதாக அறுபட்டு ஈரமாக இருந்தது. ஆடு மேய்ந்த மாதிரி இல்லை, அரிவாளால் நேர்த்தியாக அறுத்திருந்தது. அறுத்த இடத்தில் ஒரு வெற்றிலை, அதன்மேல் கொஞ்சம் குங்குமம், அணைந்துபோன சூடம்.

புதிர் எடுத்திருக்கிறார்கள்.

டெல்டாவுக்கு வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அறுவடைக்கு முன்னால் ஒரு நல்ல நாள் பார்த்து வயலில் இரண்டு கைப்பிடி கதிர் எடுத்து வருவதுதான் புதிர். கொஞ்சத்தை வாசல் நிலையில் கட்டிவிட்டு, மீதியைக் கசக்கி, குத்தி, பழைய அரிசியோடு கலந்து பொங்கி சாமிக்குப் படைத்துச் சாப்பிடுவார்கள். அந்தக் கதிரைச் சனி மூலையில்தான் எடுப்பார்கள். நம் காத்திருப்புக் காலம் அறுவடை நாளைத்தான் கணக்கில் வைத்திருக்கிறது. அதற்கு முன்னாலேயே சாமி ஒருமுறை சாப்பிட்டுவிடுகிறது என்பது நம் விதிமுறைகளில் எங்கும் இல்லை.

இரண்டு கைப்பிடி கதிர்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்திருப்பேன். ஆனால் கலியமூர்த்தியின் மகள் சுகன்யா வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். அந்த மருந்து, வயிற்றிலிருக்கும் கருவுக்கு ஆகாது என்று எச்சரிக்கை உள்ள வகை. ரோட்டில் நின்ற ஆபீஸ் ஜீப்பைக்கூடக் கூப்பிடாமல் வரப்பிலேயே ஓடினேன். அந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்திருந்தால் என் கணவர் ஒரு மாசத்துக்குச் சிரித்திருப்பார்.

வீட்டில் பந்தி ஆரம்பிக்கிற நேரம். கூடத்தில் நாலைந்து இலை. நடு இலையில் சுகன்யா, பக்கத்தில் அவள் மாமியார், சம்பந்தியம்மா, கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து இதற்காகவே வந்திருந்தார். இலைகளில் பொங்கல் வைத்தாகிவிட்டது. நெய் வாசனை வாசல் வரைக்கும் வந்தது.

"வாங்கம்மா, வாங்க! சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றார் ராஜேஸ்வரி. "ஒரு எலை போடுங்க அம்மாவுக்கு."

"யாரும் சாப்பிடாதீங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "அந்தக் கதிரு மருந்தடிச்ச பாத்தியில எடுத்தது."

கலியமூர்த்தி மனைவியைப் பார்த்தார். அவர் அன்று விடியற்காலையே வெளியே போய், அப்போதுதான் திரும்பியிருந்தார் போல.

"தொடக் கூடாதுன்னாங்களே ராஜி?"

"வெளைச்சலத்தாங்க தொடக் கூடாதுன்னாங்க" என்றார் ராஜேஸ்வரி. "இது சாமிக்கு ரெண்டு கை கதிரு. சனி மூலைய விட்டுட்டு வேற எங்க போயி எடுக்குறது?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவர் கணக்கில் புதிர் விளைச்சலில் சேராது. சாமிக்குப் போன பிறகு மிஞ்சுவதுதான் விளைச்சல்.

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். "இத தின்னா பிள்ளைக்கு ஆகாதுன்னு நிச்சயமா சொல்றீங்களா?"

இந்தக் கேள்விதான், நண்பர்களே. உண்டா இல்லையா. இதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். என்னிடம் அன்று எந்த அளவும் இல்லை. உமி நீங்கினாலே பெரும்பகுதி போய்விடும். பழைய அரிசி கலந்ததால் இன்னும் குறைந்திருக்கும். ஒருவேளைச் சோற்றில் ஒன்றுமே ஆகாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அது பயிருக்குள் ஊடுருவும் மருந்து, அடித்தது இரண்டு மடங்கு, ஆனது மூன்றே நாள். ஆகும் என்று சொன்னால் பொய். ஆகாது என்று சொன்னால் அதுவும் பொய், அதற்கு நான் கடவுளாக இருக்க வேண்டும்.

"நிச்சயமாத் தெரியாதுங்க. தெரியாததாலதான் வேணாங்கறேன்."

"தெரியாததுக்கா சாமிக்குப் படைச்ச சோத்தக் கொட்டச் சொல்றீங்க? மொதப் புதிரு. மாசமா இருக்குற பொண்ணு எலைக்கு முன்னால வந்து நின்னு வேணாங்கறதா? காக்காய்க்கு வச்சாச்சு. அது தின்னுட்டு நல்லாத்தான இருக்கு?"

நிஜமாகவே ஒரு காக்கை சுவரில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. எனக்கு நாக்கில் சனி.

"காக்கா மாசமா இருக்கா?" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்.

"ஒண்ணு பெத்திருந்தா இந்தப் பேச்சு வராது."

அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. இந்த மாதிரி விஷயங்களை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் என்னை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். மருந்து அளக்கிற அம்மா போய், பிள்ளையில்லாத ஒருத்தி நிறைமாதத்தை நெருங்கும் பெண்ணின் இலைமேல் கண் வைத்துவிட்டாள் என்று ஆகிவிட்டது. ராஜேஸ்வரிகூடத் தன் முந்தானையால் மகளின் வயிற்றை மெல்ல மறைத்தார். எனக்கு அழுகை வந்தது. திரும்பிப் போய் ஜீப்பில் ஏறிவிடலாம் என்று மனப்பூர்வமாக நினைத்தேன். போயிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

போகவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள், கால் வரவில்லை.

சுகன்யாதான் வாயைத் திறந்தாள். "நீங்களா இருந்தா சாப்பிடுவீங்களா மேடம்?"

"நான் சாப்பிடுவேன்மா. எனக்கு வயசாச்சு, என் வயித்துல யாரும் இல்ல. நீ சாப்பிட வேணாம்."

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். பிறகு ஒரு வாய்கூட எடுக்காமல் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்துகொண்டாள். சம்பந்தியம்மாவும் எழுந்து உள்ளே போனார். போகிற போக்கில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கலியமூர்த்தி பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தார். "இத எங்கம்மா கொட்றது? மாடு தின்னக் கூடாது, கோழி கொத்தக் கூடாது."

"வயல்ல வேணாங்க, தண்ணி நிக்கிற மண்ணுல சீக்கிரம் அழியாது. இந்தக் கொல்லையில காஞ்ச மண்ணாப் பாத்து ஆழமா பொதைச்சிருங்க. மண்ணுக்குள்ள இருக்குற கண்ணுக்குத் தெரியாத ஜீவனுங்க தின்னு தீத்துரும்."

அவர் குழி தோண்டினார். சாமி சோற்றை மண்ணில் கவிழ்க்கும் முன் பானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிலையில் கட்டியிருந்த மீதிக் கதிரை அவிழ்த்து என் சாம்பிள் பையில் போட்டார். அன்று அந்த வீட்டில் யாரும் என்னைப் போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.

லேபில் அந்தக் கதிரைத்தான் முதலில் பார்த்தேன். உமியில் நிறைய இருந்தது. அரிசியில் கொஞ்சம், அனுமதித்த அளவைவிடச் சற்று மேலே. ஒரு வேளை சாப்பிட்டிருந்தால் ஏதாவது ஆகியிருக்குமா? அதற்கு மெஷினிடம் பதில் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. சுகன்யாவுக்கு ஆண் குழந்தை, சுகப்பிரசவம், குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அந்தச் செய்தி வந்தபோது, சாப்பிட்டிருந்தாலும் இப்படித்தானே பிறந்திருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். அப்படியும் இருக்கலாம். நடக்காமல் போன ஒரு கெடுதலுக்குச் சாட்சி கிடையாது. நம் வேலையில் பெரும்பாலும் இதுதான் சம்பளம், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

ரிசல்ட்டைச் சொல்ல ஒருமுறை போனேன். கலியமூர்த்தி வாசலில் நின்றே கேட்டுக்கொண்டார். "சரிங்கம்மா" என்றார். மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் ஜீப் சத்தம் கேட்டாலே மோர் வந்துவிடும். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. யாரோ கதவை ஒருக்களித்தார்கள். என் கண் படக் கூடாது என்று இருக்கும். நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தேன், டிரைவர் பார்த்துவிடக் கூடாது என்று.

அதன்பிறகு விதிமுறைகளில் புதிருக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று மேலே எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. அதற்கப்புறம் நான் ஓய்வு பெற்றேன், என் கணவர் போனார். வேறு கதைகள் நிறைய உண்டு, பாராட்டு வாங்கியவைகூட உண்டு. ஆனால் சாயங்காலம் தனியாக உட்கார்ந்தால் வருவது அந்தக் கூடமும் மடித்த இலையும்தான். நான் அன்று செய்தது சரியா என்று கேட்க ஒருவரும் இல்லை. கணவர் இருந்திருந்தால், "காக்காவ இழுத்திருக்க வேணாம்" என்று மட்டும் சொல்லியிருப்பார்.

போன மார்கழியில் ஒரு பழைய தோழியின் பேத்தி பிறந்தநாளுக்காக வலங்கைமான் பக்கம் பஸ்ஸில் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் பஸ் பழுதாகி நின்றது. இறங்கிப் பார்த்தால் எனக்குத் தெரிந்த வரப்பு. கலியமூர்த்தியின் வயலேதான். மனது கேட்காமல் நடந்து போனேன். வயல் முழுக்கக் கதிர் சுத்தமாக, ஒரு நோய் இல்லாமல் சாய்ந்திருந்தது. நன்றாக மருந்தடித்திருக்கிறார்கள். சனி மூலையில் மட்டும் ஒரு சின்னப் பகுதியில் மஞ்சள் உருண்டைகள். லட்சுமி நோய். பக்கத்து வயலைப் பார்த்தேன், அதிலும் அந்த மூலையில் மட்டும் நோய். அதற்கடுத்த வயலிலும்.

அந்த வயலில் முதுகில் ஸ்பிரேயர் மாட்டிய நடுத்தர வயது ஆள் ஒருவர் மருந்தடித்துக்கொண்டிருந்தார். மூலை வந்ததும் குழாயை நிறுத்திவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏங்க, அந்த மூலைய விட்டுட்டீங்க? நோய் விழுந்திருக்கே?"

"அது புதிரு மூலைங்க. அங்க மருந்து அடிக்கக் கூடாது. மஞ்சக் காய் நாலு இருந்தா பொறுக்கிப் போட்டுட்டுப் போறோம், அது கண்ணுக்குத் தெரியுதுல்ல. மருந்து தெரியாதே."

"யாரு சொன்னா அப்படி?"

அவருக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "யாரு சொல்றது? இங்க எல்லா வயல்லயும் அப்படித்தாங்க. எங்க பாட்டன் காலத்துலேருந்து உள்ள வழக்கம். அந்த மூலை சாமிக்கு."

பாட்டன் காலத்தில் இந்த மருந்தே கிடையாது என்று நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். காக்கையிடம் கற்ற பாடம். அந்த வழக்கத்தில் என் பெயர் எங்கும் இல்லை என்பது முதலில் சுருக்கென்று வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு, இத்தனை வருஷமாக அந்தக் கூடத்திலிருந்து எனக்கு வராத பதிலை ராஜேஸ்வரியோ அவரைப் போல யாரோ வருஷா வருஷம் வயலில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. நான் மேலே எழுதிப் போட்ட வரி எங்கோ தூங்குகிறது. கீழே அது சாமி வழக்கமாகிவிட்டது.

குனிந்து ஒரு கதிரைப் பிடித்துப் பார்த்தேன். முப்பது வருஷம் அந்த நோயை ஒழிக்கிற மருந்துகளோடு கிடந்தவள், அந்த உருண்டையைப் பார்த்து அழுதேன். அந்த ஆள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் சரியாகி ஹார்ன் அடித்தது. ஓடி ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண் என் விரல்களைப் பார்த்தாள்.

"கையெல்லாம் மஞ்சளா இருக்கே. ஏதும் விசேஷத்துக்குப் போயிட்டு வரீங்களா?"

"ஆமாம்மா" என்றேன். தஞ்சாவூர் வரும்வரை கையைத் துடைக்கவில்லை.